சயாமுக்குப் போனவர்களுக்கு அங்கே கல் இல்லை



அக்டோபர் 21 நிகழ்வுக்கான போஸ்டர் வரைவு சென்ற மாத மடலோடு வந்தது, பார்த்திருப்பீர்கள். "தமிழர் சிந்திய ரத்தத்தில் எழுந்த ஆசாத் ஹிந்த்" என்று தலைப்பு. கீழே சீருடை போட்ட பெண்கள் துப்பாக்கியோடு அணிவகுத்து நிற்கும் படம். குழுவில் அதற்கு முதல் ஆளாக இதயம் போட்டது நான்தான். இப்போது அந்த இதயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன். காரணத்தைச் சொல்லாமல் எடுத்தால் அது கோழைத்தனம், அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஜூலையில் ஈப்போவுக்குப் பாட்டியைப் பார்க்கப் போகும் வழியில் சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கினேன். ஆய்வுக்காக ஆவணக் காப்பகத்தில் கொஞ்சம் வேலை இருந்தது. முடித்துவிட்டு, போஸ்டருக்குப் போட நல்லதாக ஒரு படம் எடுக்கலாம் என்று எஸ்பிளனேட் பூங்காவுக்கு நடந்தேன். சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கி பாடாங் திடலைச் சுற்றிக் கடந்தால் பூங்கா. உங்களில் யாராவது போயிருக்கிறீர்களா தெரியாது. இந்திய தேசிய ராணுவத்துக்கான நினைவுக்கல் அங்கேதான் இருக்கிறது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது வெள்ளைக்காரர்கள் கட்டிய போர் நினைவுத் தூண். முதல் உலகப் போரில் செத்த 124 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன, 1922இல் ஓர் இளவரசர் வந்து திறந்து வைத்தார். இன்னொரு பக்கம் லிம் போ செங் நினைவகம், 1954இல் திறந்தது. ஜப்பானியர்களை எதிர்த்து வேலை செய்து அவர்கள் சிறையில் உயிர்விட்டவர் அவர். இந்த இரண்டுக்கும் நடுவில், ஜப்பானியர்களோடு கைகோத்துப் போருக்குப் போன ஒரு படைக்கும் ஒரு சிறு கல். பேரரசு, அதன் பகைவன், பகைவனின் பகைவன், மூன்று பேரும் ஒரே பூங்காவில் ஐந்து நிமிட நடை தூரத்தில். யாரும் யாரோடும் சண்டை போடாமல் மரத்தடியில் நிற்கிறார்கள். நாய் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் மூன்றையும் ஒரே மாதிரி தாண்டிப் போகிறார்கள்.

இப்போது இருப்பது 1995இல் சிங்கப்பூர் மரபுடைமைக் கழகம் வைத்தது, அங்குள்ள இந்தியர்கள் பணமும் சேர்ந்திருக்கிறது. முதலில் நின்றது வேறு. 1945 ஜூலை 8 அன்று சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டி, ஐ.என்.ஏ.வின் பெயர் தெரியாத வீரனுக்காக எழுப்பிய சின்னம் அது. இத்தஃபாக், இத்மாத், குர்பானி என்று மூன்று சொற்கள் அதில் இருந்தன: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். இரண்டு மாதம்கூட முழுதாக நிற்கவில்லை. செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது, மவுண்ட்பேட்டன் உத்தரவில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். செத்தவர்களின் கல்லுக்கே பயந்த பேரரசு என்று இதை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்! பொய் இல்லை அது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டதுதான் என் தவறு.

கல்லுக்கு முன்னால் நின்று பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அவருக்கு 88 வயது. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய சித்தப்பா ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். ஈப்போ வீட்டு ஹாலில், சாமி படத்துக்குப் பக்கத்தில், சீருடையும் தொப்பியுமாக அவர் படம் இன்னும் தொங்குகிறது. சின்ன வயதில் மெல்போர்னிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் காட்டப்பட்ட முதல் "வரலாறு" அந்தப் படம்தான்.

"எங்க இருக்க கண்ணு?"

"பார்க்குல பாட்டி. நேதாஜி கல்லு கிட்ட."

"ஓ, நேதாஜி!" அந்தப் பெயரைச் சொல்லும்போது பாட்டியின் குரல் எப்பவும் ஒரு படி ஏறும். "சித்தப்பா பேரு போட்டிருக்கா?"

"பேரெல்லாம் இல்ல பாட்டி. பொதுவாத்தான் எழுதியிருக்கு."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "எங்கப்பா பேரு?"

"அவரு சயாமுக்கு இல்ல போனாரு. இது ஐ.என்.ஏ. கல்லு பாட்டி."

"தெரியும்மா. ரெண்டு பேரும் ஒரே லயத்துலேர்ந்துதான போனாங்க. ஒருத்தருக்கு மட்டும் எப்படிக் கல்லு வச்சாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. படமும் எடுக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மலேசியப் பக்கம் வேர் இல்லாத தோழர்களுக்காக: சயாம் மரண ரயில் என்பது தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் வெட்டி ஜப்பானியப் படை போட்ட பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கும் மேல் செத்தார்கள். அவர்களைப் பற்றிப் படம் வந்திருக்கிறது. 1957இல் வந்த அந்தப் பிரபலமான ஆங்கிலப் படத்தை இலங்கையில் கித்துல்கலவில் போய் எடுத்தார்கள், அதில் எல்லாமே வெள்ளைக்காரக் கைதிகளின் வீரமும் மானமும்தான். ஆனால் அந்தப் பாதையில் உழைத்தவர்களில் பெரும்பான்மை ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் போனார்கள், அதில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பல பத்தாயிரம் பேர் திரும்பவில்லை. சரியான எண்ணிக்கை ஏன் சொல்ல முடியவில்லை என்றால், யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. போர்க்கைதிகளுக்கு அவர்கள் அதிகாரிகளே ரகசியமாகக் கணக்கு வைத்தார்கள். கூலிக்கு யார் வைப்பது?

இப்போது தேதிகளைப் பாருங்கள். நம் போஸ்டரில் இருக்கும் தேதி 1943 அக்டோபர் 21. அன்று சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் போஸ் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவித்தார். அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் அந்த அரசு பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தது. அக்டோபர் 25 அன்று சயாம் ரயில் பாதையின் திறப்பு விழாவை ஜப்பானியர்கள் நடத்தினார்கள். எல்லாம் ஒரே வாரம்! கேத்தேயில் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில் காட்டில் தமிழர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரசைத் தாங்கிப் பிடித்த கையும் இவர்களை அடித்துக் கொன்ற கையும் ஒன்றுதான். பிறகு ஐ.என்.ஏ. வீரர்களில் பலர் பர்மா போர்முனைக்குப் போனதும் அந்தத் தண்டவாளத்தின் மேல்தான். என் கொள்ளுத்தாத்தா போட்ட கட்டைகளின் மேல் அவர் தம்பி ஏறிய ரயில் ஓடியிருக்கலாம். இதை நான் உருவகத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே இருக்கலாம்.

"தமிழர் சிந்திய ரத்தம்." சரி, எந்தத் தமிழர்? எங்கே சிந்தியது, யாருக்காக?

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் போன வருடம்வரை நானே கொடுத்திருப்பேன். "இரண்டும் தியாகம்தானே தோழர்." இல்லை. சித்தப்பா தியாகம் செய்தார். சத்தியம் எடுத்தார், கையெழுத்துப் போட்டார், துப்பாக்கி தூக்கினார். அவர் அப்பா செய்தது தியாகம் இல்லை. அவரை லாரியில் ஏற்றினார்கள். வேலை சில மாதம், சம்பளம் உண்டு, குடும்பத்துக்கு அரிசி உண்டு என்று பலரிடம் சொல்லப்பட்டது. அப்புறம் ஆள் கிடைக்காதபோது சொல்லிக்கொண்டு இருக்கவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். கொல்லப்பட்டவனைத் தியாகி என்று கூப்பிடுவது மரியாதை மாதிரித் தெரியும். உண்மையில் அது கொன்றவனுக்குச் செய்யும் உதவி. இவர்கள் எதற்காகவோ உயிரைக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டால், யார் எடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லையே.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். தோட்டத்திலிருந்து யார் போக வேண்டும் என்று பட்டியல் போட்டது யார்? ஜப்பான்காரன் இத்தனை தலை வேண்டும் என்று எண்ணிக்கை சொன்னான். எந்த லயத்தில் எந்தத் தலை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? துரைமார் ஓடிப்போன தோட்டத்தில் பொறுப்பில் இருந்தவர்கள் கிராணிமாரும் கண்டக்டர்களும் கங்காணிகளும்தான். அவர்களில் தமிழர்கள் இருந்தார்கள், மலையாளிகள் இருந்தார்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள் இருந்தார்கள். தலைமேல் கத்தி இருக்கும்போது அவர்களுக்கும் என்ன வழி என்று கேட்பீர்கள், அது நியாயமான கேள்வி. ஆனால் பட்டியலில் கிராணி வீட்டுப் பிள்ளை பெயர் எத்தனை இருந்தது? பாட்டியின் அம்மாவுக்கு அந்தக் கிராணி பேர் சாகும்வரை ஞாபகம் இருந்ததாம். ஜப்பான்காரன் பேர் ஒன்றுகூடத் தெரியாது. நம் போஸ்டரில் இருக்கும் "தமிழர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பட்டியல் எழுதியவரும் பட்டியலில் இருந்தவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வலதுசாரிச் சங்கம் ஒன்று அப்படி எழுதினால் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாம் ஏன் எழுதுகிறோம்?

"அப்போ நீ வெள்ளைக்காரன் பக்கமா?" என்று ஒரு தோழர் குழுவில் கேட்டுவிட்டார், நான் இரண்டு வரி எழுதியதற்கே. வெள்ளைக்காரன் கணக்கையும் சொல்கிறேன். காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏறத்தாழ 7,000 கல்லறைகள், ஒவ்வொரு புல்லும் அளவாக வெட்டி வைத்திருப்பார்கள். அதே பாதையில் அதைவிடப் பல மடங்கு செத்த ஆசியத் தொழிலாளிக்கு அப்படி ஒரு தோட்டம் கிடையாது. அண்மையில்தான் தமிழ் அமைப்புகள் முயற்சி எடுத்து அங்கே ஒரு நடுகல் வைத்திருக்கின்றன. சுதந்திரம் வாங்கிய நாடுகளும் இதே கணக்கைத்தான் பின்பற்றின. பேரரசு தன் சிப்பாயை எண்ணியது, தேசம் தன் சிப்பாயை எண்ணியது. இருவருக்குமே கூலி ஆள் கணக்கில் வரவில்லை. எஸ்பிளனேட் பூங்காவில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் கற்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. கொஞ்ச தூரத்தில் பீச் ரோட்டுப் பக்கம் நான்கு பெரிய வெள்ளைத் தூண்கள் நிற்கின்றன, ஜப்பானிய ஆட்சியில் செத்த பொதுமக்களுக்காக 1967இல் திறந்தது. நான்கில் ஒரு தூண் இந்தியர்களுக்கு என்பார்கள். அங்கேயும் போனேன். அந்தத் தீவில் மாண்டவர்களுக்கான சின்னம் அது. சயாம் காடு அதற்குள் வராது.

இதைப் படித்துவிட்டு ஐ.என்.ஏ.வைத் தூக்கிப் போடச் சொல்கிறாளா என்று யாரும் நினைக்க வேண்டாம். போஸ் பாசிஸ்டா இல்லையா என்று ட்விட்டரில் நடக்கும் சண்டை எனக்குச் சலித்துப்போனது. அதில் போஸ் மட்டும்தான் மனுஷர், மற்ற எல்லாரும் அவர் பின்னால் நின்ற கூட்டம். தோட்டத்துக்காரன் பார்வையில் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். பிரிட்டிஷ்காரன் ராணுவத்தில் சேரத் தகுதியான இனம், தகுதியில்லாத இனம் என்று பிரித்து வைத்திருந்தான். மலாயாவில் பால் வெட்டிய தமிழன் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது கேட்டவை என்ன தெரியுமா? சம்பள உயர்வோடு, துரை வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. சைக்கிள்! அதற்குத் துருப்புகளை அனுப்பிச் சுட்டார்கள், தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். இரண்டே வருடம் கழித்து அதே ஆட்களிடம் ஒருவர் வந்து, நீ கூலி இல்லை, நீ ஒரு படையின் வீரன், வா என்கிறார். பெண்களுக்குத் தனிப் படையே அமைக்கிறார், ஜான்சி ராணி படை. லட்சுமி சுவாமிநாதன் மாதிரி டாக்டர் மட்டுமில்லை, எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பெண்களும் அதில் துப்பாக்கி பிடித்தார்கள். என் சித்தப்பா கொள்ளுத்தாத்தா (உறவுமுறை சரியா என்று பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்) ஏன் போனார் என்று எனக்குப் புரிகிறது. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பிக்கவும் பலர் சேர்ந்தார்கள். வீரம் ஒரு பாதி, பயம் ஒரு பாதி. அது அவரைக் குறைத்துவிடாது, எனக்கு அவரை இன்னும் கிட்டக் கொண்டுவருகிறது.

கல் சொல்லாத இன்னொரு பாதியும் இருக்கிறது. 1945ஓடு கதை முடியவில்லை. திரும்பி வந்தவர்கள் மறுபடியும் கைகட்டி நிற்கவில்லை. தோட்டங்களில் கள்ளுக்கடை மறியல், தொண்டர் படை, தொழிற்சங்கம் என்று 1946, 47இல் கொதித்தது. அந்த அலையிலிருந்து வந்தவர் எஸ்.ஏ. கணபதி. ஐ.என்.ஏ.வில் இருந்தவர், பிறகு அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். அவசரகாலச் சட்டத்தில் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொல்லி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். புடு சிறை இருந்த இடத்தில் இப்போது ஷாப்பிங் மால். ஏ.சி. நன்றாக இருக்கும், நான் போன வருடம் அங்கே காலணி வாங்கினேன். அப்போது எனக்கு அது என்ன இடம் என்று தெரியாது.

ஐ.என்.ஏ.வின் எந்தப் பகுதி கல்லாகிறது, எந்தப் பகுதி மாலாகிறது என்று பாருங்கள். கொடி, சீருடை, தலைவர், தேசம், இதுவரைக்கும் கல். அதே ஆள் திரும்பி வந்து சம்பளம் கேட்டால் தூக்கு. 2015இல் இந்தியப் பிரதமர் எஸ்பிளனேட் பூங்காவுக்கு வந்து அஞ்சலி செலுத்திவிட்டுப் போனார். 2022இல் டெல்லி இந்தியா கேட்டில் போஸுக்கு 28 அடி கருங்கல் சிலை வைத்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட படை அது என்பதை அந்த மேடைகளில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. தேசத்துக்காக ரத்தம் என்று சொன்னார்கள். நம் போஸ்டரும் அதையேதான் சொல்கிறது, தேசம் என்ற இடத்தில் தமிழர் என்று மாற்றிப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அ. ரெங்கசாமி என்ற மலேசிய எழுத்தாளர் இரண்டு கதைகளையும் நாவலாக்கினார். ஐ.என்.ஏ. பற்றியது 'இமையத் தியாகம்'. சயாம் ரயில் பற்றியது 'நினைவுச்சின்னம்'. கல் இல்லாத கதைக்குத்தான் அந்தப் பெயர் வைத்திருக்கிறார். நம் வாசிப்பு வட்டத்தில் மூன்று வருடமாக ஃபனோனும் ஆன்டர்சனும் போய்க்கொண்டிருக்கிறது. இவற்றையும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயி'லையும் ஒருமுறையாவது எடுத்திருக்கிறோமா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கிண்டில் இல்லை, ஈப்போவில் பாட்டி வீட்டு அலமாரியில் இருந்தது.

ஆகவே என் கோரிக்கை. போஸ்டரின் தலைப்பை எடுத்துவிடுங்கள். நிகழ்வை ரத்து செய்ய வேண்டாம், 21 தொடங்கி 25 வரை நீட்டுங்கள். முதல் நாள் ஐ.என்.ஏ. பேசுவோம், கடைசி நாள் சயாம் பேசுவோம், நடுவில் பட்டியல் போட்டவர்களைப் பற்றியும் பேசுவோம், அது கசக்கும், கசக்கட்டும். சிங்கப்பூர் தோழர்கள் அந்தப் பூங்காவில் எதுவும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும், அங்கே ஒரே ஒரு ஆள் அட்டை பிடித்து நின்றாலும் அனுமதி கேட்பார்கள். அதனால் இணையத்திலேயே செய்வோம்.

நான் ஒரு அட்டவணை திறந்து வைத்திருக்கிறேன், இணைப்பு குழுவில் இருக்கிறது. நான்கு கட்டங்கள்: போனவர் பெயர், தோட்டம், யாரிடமிருந்து கேட்டது, திரும்பி வந்தாரா. உங்கள் வீட்டில் மலாயாத் தொடர்பு இருந்தால் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இல்லாதவர்கள் நண்பர்களிடம் கேளுங்கள். பெயர் ஞாபகம் இல்லை என்றால் "பெரியப்பா", "ரெண்டாவது லயத்து அண்ணன்" என்று எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள், நாம் அழகுபடுத்த வேண்டாம். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். பெரும்பாலான தோட்டங்களுக்கு நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். பேசும்போது அவசரப்படுத்தாதீர்கள். பாட்டி முதல் நாள் பெயரை மட்டும்தான் சொன்னார். ஈப்போ போய்ச் சேர்ந்து மூன்றாவது நாள், மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போதுதான் லாரி எந்தப் பக்கமாக வந்தது என்று சொன்னார்.

செப்டம்பர் கடைசிக்குள் அனுப்புங்கள். போஸ்டர் யார் வரைகிறார்கள் என்று முடிவானால் எனக்கும் சொல்லுங்கள், ஹாலில் தொங்கும் படத்தை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறேன். பக்கத்தில் போட அண்ணனுடைய படம் கிடையாது. அந்த இடத்தை அப்படியே காலியாக விடச் சொல்கிறேன்.